இரண்டு குழிக்கு ஒரு கயிறு

மெதுவாக வாங்கோ, தம்பி. காலைத் தூக்கித் தூக்கி வையாதேங்கோ, இழுத்து நடவுங்கோ. இந்த ஐஸுக்குக் கீழே ஓர் ஆள் ஆழம்தான் தண்ணீர். மேலே சப்பாத்துச் சத்தம் கேட்டால் கீழே மீன் ஓடிவிடும்.

அந்தக் கதிரையில் மட்டும் இருக்காதேங்கோ. குறை நினைக்க வேண்டாம், அது ஆள் உள்ள கதிரை. இந்த வாளியைக் கவிழ்த்துத் தருகிறேன், இதில் இருங்கோ.

தமிழ் ஆள் என்று தூரத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது. இங்கத்தை ஆட்கள் ஐஸில் நடக்கும்போது கீழே பார்க்கமாட்டார்கள். எங்கடை ஆட்கள் அடிக்கு அடி கீழே பார்ப்பார்கள், உடைந்துவிடுமோ என்று. உடையாது. இன்னும் லொறி ஓடலாம். அடுத்த கிழமை எப்படியோ தெரியாது, இப்போது உடையாது.

நீங்கள் இந்தியாத் தமிழோ? 'அங்கிள்' என்று கூப்பிட்டீர்களே, அதில் தெரிந்தது. நான் சூசைதாசன். சொந்த இடம் குருநகர், யாழ்ப்பாணத்தில் கடற்கரையோடு ஒட்டின ஊர். இங்கே எட்மன்ரனில் மகன் வீட்டில் இருக்கிறேன். பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை வந்து, அங்கிருந்து இந்தச் சறுக்குப் பலகையில் சாமான்களை வைத்து இழுத்துக்கொண்டு வருவேன். முன்பு காரில்தான் வந்தது. கார் கந்தவனத்தினுடையது, என்னோடு மீன் பிடிக்க வந்த ஆள். அதுதான் சொல்ல வந்தேன், கதிரையும் கந்தவனத்தினுடையது.

இரண்டு குழி ஏன் என்று பார்க்கிறீர்கள். இங்கே ஓராள் இரண்டு தூண்டில் போடலாம், சட்டம் இருக்கு. ஒரு தூண்டில்தானே கிடக்கு என்கிறீர்கள். சரி, உங்களுக்குக் கண் கூர்மைதான். ஒரு குழி என்னுடையது. மற்றது அவனுடையது. அவன் வரவில்லை. வந்தாலும் நான் கதைக்கமாட்டேன். ஆனால் குழி மூடக்கூடாது. விடிய வந்ததும் இரவு உறைந்ததை உடைத்து, இந்தக் கண் அகப்பையால் ஐஸ் துண்டுகளை அள்ளி எறிந்து, அவனுடைய குழியைத் துப்புரவாக்கிவிட்டுத்தான் என்னுடைய குழிக்கு வருவேன். அவனுக்காக இல்லை. ஒரு குழி மூடினால் பக்கத்துக் குழிக்கு மீன் வராது. யார் சொன்னதோ? நான்தான் சொல்கிறேன்.

மெதுவாகக் கதையுங்கோ. மீனுக்குக் கேட்கும்.

கந்தவனம் ஊரிலே பஸ் கொண்டக்டராக இருந்தவன். யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்கு ஓடுகிற பஸ். தொண்டை என்றால் அதுதான் தொண்டை. பஸ் வளைவில் திரும்பும் முன்னமே அவன் குரல் திரும்பிவிடும். கடல் பக்கமே வராத ஆள், தோட்டக்காணிக்காரக் குடும்பம். மீன் என்றால் சட்டியில் பார்த்ததுதான். தமிழ்க் கடையில் ஒருநாள் நான் விளைமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் நின்று, "டொக்டர் ஐயா, அதுக்கு என்ன வருத்தமெண்டு சொல்லிப்போட்டு வையுங்கோ, மற்றாக்களும் நிக்கிறம்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்றைக்கே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டவனும் அவன்தான். இரண்டு பேருக்கும் மனைவிமார் போய்விட்டார்கள். இரண்டு பேரும் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீட்டைக் காவல் காக்கிறவர்கள். அவனிடம் கார் இருந்தது. என்னிடம் தூண்டில் பிடிக்கிற கை இருந்தது. அப்படித்தான் இந்த வாவிக்கு வரத் தொடங்கினது.

ரெயின்போ ட்றவுட் மீன் தெரியுமோ? பக்கத்தில் ரோசா நிறத்தில் ஒரு கோடு, முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. இந்த வாவியில் அது தானாகப் பெருகாது. அரசாங்கம் லொறியில் கொண்டுவந்து விடுகிறது. கந்தவனம் சொல்லுவான், "சம்மாட்டியார், இதுகும் எங்களை மாதிரித்தான். ஆரோ கொண்டந்து விட்டதுகள், ஐஸுக்குக் கீழ கிடந்து சீவிக்குதுகள்." சம்மாட்டியார் என்றால் எங்கடை ஊரில் வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்திருக்கிற பெரிய ஆள். எனக்கு ஒரு துடுப்புக்கூடச் சொந்தமாக இருந்ததில்லை. பகிடிக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறது. நான் அவனைக் கொண்டக்டர் என்பேன்.

முதல் குளிர்காலம் நான் வாவிக்கு நடுவே போய்க் குழி போட்டேன். கடலில் பழகினவனுக்கு ஆழம் என்றால்தான் மரியாதை. அவன் பயத்தில் கரையைவிட்டு அசையவில்லை. அந்தா, கோரைப்புல் நீட்டிக்கொண்டு நிற்குதே, அதற்குப் பக்கத்தில் ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு குந்தினான். நான் காலையில் இருந்து இருட்டும்வரை ஒரு மீன் காணவில்லை. அவன் பிடிக்கிறான், பிடிக்கிறான், பிடித்துக்கொண்டே இருக்கிறான். அந்த மீன் குளிர்காலத்தில் கரையை அண்டி, ஐஸுக்குச் சற்றுக் கீழேதான் உலாவித் திரியுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? அங்கிருந்து கத்துகிறான், "சம்மாட்டியார், ஆழத்துக்குப் போனது காணும், இறக்கம் இருக்கு, இறங்கிறவை இறங்கலாம்!" இந்த வாவியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விளங்காவிட்டாலும் சிரித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஆள் இறக்கக் கத்துகிற அதே குரல்.

அடுத்த கிழமை நானும் கரைக்கு வந்தேன். அவன் பேச்சைக் கேட்டு இல்லை. நடுவில் காற்று அதிகம்.

கரைக்கு வந்தபிறகுதான் பிரச்சினை தொடங்கினது. இங்கே ஆழம் இல்லை, சத்தம் எல்லாம் கீழே போகும். அவனுக்கோ வாய் மூடாது. பஸ்ஸில் பயணச்சீட்டு எடுக்காமல் ஒளித்தவர்களின் கதை, ஆட்டுக்குட்டியைச் சீலைக்குள் மறைத்துக் கொண்டுவந்த மனிசியின் கதை, ஒரே இருக்கைக்குச் சண்டை பிடித்துப் பிறகு சம்பந்தி ஆன இரண்டு பேரின் கதை. சொன்னதையே சொல்லுவான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். நான் எத்தனையோ தரம் சொன்னேன், "கொண்டக்டர், நீர் மீன் பிடிக்க வந்தனீரோ, கதை சொல்ல வந்தனீரோ?" அதற்கு அவன், "மீன் கடையிலயும் இருக்கு, சம்மாட்டியார்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மீன் கடையில் இருக்கு என்றால் இந்தக் குளிருக்குள் ஏன் வரவேண்டும்?

அதுதான் கயிறு கட்டினேன்.

சொல்கிறேன், அவசரப்படாதேங்கோ. நான் இளவயதில் ஊரில் கயிறு பிடித்தவன். சங்கு குளிக்கிறவர்கள் கடலுக்கு அடியில் போவார்கள், இடுப்பில் கயிறு இருக்கும். மறு முனை வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். கீழே போனவனால் கதைக்க முடியாது. கயிறுதான் அவனுடைய வாய். ஒரு இழுவை என்றால் ஒன்று, இரண்டு என்றால் வேறொன்று. கணக்கில்லாமல் இழுத்தால், நிற்காமல் இழு, இழு என்று இழுத்தால், ஆபத்து, உடனே தூக்கு என்று அர்த்தம். கயிறு பிடிக்கிறவன் கடலைப் பார்க்கக்கூடாது, வானத்தைப் பார்க்கக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது. கயிற்றையே நினைத்துக்கொண்டு இருக்கவேண்டும். என்னுடைய கயிற்றில் போன ஒருவனும் வராமல் விட்டதில்லை. குருநகரில் யாரையும் கேட்டுப் பாருங்கோ. சூசைதாசன் கையில் கயிறு இருந்தால் கீழே நித்திரை கொள்ளலாம் என்பார்கள்.

அந்த நினைப்பில்தான் ஒரு நைலோன் கயிற்றை எடுத்து, ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டி, மறு முனையை அவனுடைய மணிக்கட்டில் கட்டினேன். இரண்டு கதிரைக்கும் நடுவே தொய்யலாகக் கிடக்கும். ஒரு இழுவை: உன் தூண்டிலைப் பார், மீன் உன் பக்கம் வருகுது. இரண்டு: தேத்தண்ணி வேணும். மூன்று: காணும், இன்றைக்கு இது போதும், வீட்டுக்குப் போவோம். இவ்வளவுதான். இதற்கு மேலே ஒரு சத்தம் வரக்கூடாது என்று சொல்லிப்போட்டேன்.

அவனுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. சும்மா இருக்கும்போது ஒரு இழுவை இழுப்பான். நான் துள்ளி எழும்பித் தூண்டிலைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. திரும்பிப் பார்த்தால் கழுத்துச் சால்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். ஒவ்வொரு நாளும் ஏமாற்றுவான், ஒவ்வொரு நாளும் நான் பார்ப்பேன். கயிறு இழுத்தால் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது, அது பழக்கம்.

அப்படி நல்லாகத்தான் போனது. இரண்டு மூன்று குளிர்காலம். மீனும் கிடைத்தது. வீட்டில் மருமகள் மெற்றில்டா பொரித்துத் தருவாள், கட்டிக்கொண்டு வந்து இங்கே இருந்து சாப்பிடுவோம். அவன் முள்ளோடு சப்புகிற சத்தத்துக்கே மீன் ஓடும்.

இந்த வருடம்தான் மாறிப்போனான்.

முதலில் குரல் கம்மினது. ஐஸ் பிடித்த நாளில் இருந்தே கரகர என்றுதான் கதைத்தான். குளிர் பிடித்திருக்கு, இஞ்சி போட்டுக் குடியும் என்று சொன்னேன். பிறகு இன்னும் இறங்கி, காற்றுப் போன ரயர் மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. மீனும் அந்த மாதம் நல்லாக எடுத்தது. "கொண்டக்டர், உம்மடை தொண்டை அடைச்சது மீனுக்குத் தெரிஞ்சிட்டுது" என்றுகூடப் பகிடி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை. முந்தி என்றால் சிரித்திருப்பான்.

பிறகு சாப்பாட்டில் குறை. பொரித்த மீனைத் தொடமாட்டான். ஒரு குடுவையில் கஞ்சி கொண்டுவந்து, தண்ணி மாதிரிக் கஞ்சி, அதையும் சொட்டுச் சொட்டாக விழுங்குவான். மெற்றில்டாவின் கையைப் பிடிக்கவில்லையோ என்று எனக்கு மனவருத்தம். அவன் மகள் ரெலிபோனில் ஏதோ பத்தியம் சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். கழுத்தில் சால்வை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தவன் நாலு சுற்றுச் சுற்றினான். வயது போனால் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு இடத்தில் குளிரும். எனக்கு முழங்கால்.

இடையில் இரண்டு தரம் வரவில்லை. ஆசுப்பத்திரிக்குப் போனேன் என்றான். யாரைப் பார்க்க என்று நான் கேட்கவில்லை. எங்கடை ஆட்களில் எப்போதும் யாரோ ஒருவர் ஆசுப்பத்திரியில் இருப்பார்கள்தானே.

கடைசி நாள் நடந்ததைக் கேளுங்கோ. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கோ, பிழை யாருடையது என்று.

நல்ல வெயில் நாள். இதே இடம். குழிக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கிற பாசி தெரிகிறது. ஒரு பெரிய ட்றவுட், என் முழங்கை நீளம் வரும், குழிக்குக் கீழே போகுது, வருகுது. இறால் துண்டை மணந்து பார்க்குது, விலகுது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்துக் கயிறு இழுக்கிறது. ஒன்று என்றால் பார்ப்பேன், இரண்டு என்றால் தேத்தண்ணி ஊற்றுவேன். இது ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. இழுக்கிறான், இழுக்கிறான், நிறுத்தாமல் இழுக்கிறான். நான் திரும்பாமலே கையைக் காட்டினேன், பொறு என்று. பிறகும் இழுக்கிறான். "சம்மாட்டியார்" என்று அந்தக் காற்றுப்போன குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினான். உஷ் என்றேன். "சம்மாட்டியார், நான் ஒண்டு சொல்லவேணும்" என்றான். "மீன் நிக்குது, பிறகு சொல்லும்" என்றேன். பிறகும் கயிறு. பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு, தம்பி. கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது மூன்று இழுவைதான். கணக்கில்லாத இழுவை கடலுக்கு உரியது. அதையும் எத்தனையோ தரம் அவனுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன், அவனுக்குத் தெரியும். ஐஸுக்கு மேலே, கதிரையில், போர்வையும் போர்த்துக்கொண்டு இருக்கிறவனுக்கு என்ன ஆபத்து?

அந்த மீனைப் பிடித்தேன். இந்த வருடத்தில் அதுதான் பெரியது. தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், கதிரையில் ஆள் இல்லை. கரையில் காருக்குப் பக்கத்தில் நிற்கிறான், இங்கே பார்த்துக்கொண்டு. குளிருக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். மீனைத் தூக்கிக் காட்டினேன். அவன் கையைத் தூக்கினான்.

திரும்பிக் காரில் வந்தோம். என் வீட்டு வாசலில் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தான். கயிறு கட்டுகிற கை. பிடித்தவன் விடவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். எனக்கு ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் மீன் கையில் கனக்குது. "விடும் காணும், மீன் பழுதாகப்போகுது" என்றேன். விட்டான். பாதி மீன் வெட்டித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினான். இந்தக் குளிரில் மீன் எங்கே பழுதாகப்போகுது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பேச்சுக்குச் சொன்னது.

அடுத்த சனிக்கிழமை விடிய நான் எல்லாம் உடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். கார் வரவில்லை. நடந்து அவன் வீட்டுக்குப் போனேன். மகன் வேலைக்குப் போய்விட்டான், கதவு பூட்டு. பக்கத்து வீட்டுக்காரன் சொல்கிறான், ரொறன்ரோவில் இருக்கிற மகளிடம் போய்விட்டானாம். என் கதிரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவன் ரொறன்ரோவுக்குப் போனதை எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்கிறான்! ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் என்ன, போகவேண்டாம் என்று காரை மறிக்கப்போகிறேனோ?

கொஞ்சம் இருங்கோ. தூண்டில் நுனி அசைந்தது. இல்லை, காற்று.

நீங்கள் ஏன் என் முகத்தையே பார்க்கிறீர்கள்? நான் சத்தம் போடுகிறேனோ? எனக்கு வீட்டில் கதைக்க ஆள் இல்லை என்று நினைக்கவேண்டாம். மகன் இரவு வேலை, மெற்றில்டா பகல் வேலை, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் திருப்பிக் கதைக்கமாட்டார்கள். எல்லாரும் இருக்கிறார்கள். அமைதியான வீடு. எனக்கு அமைதிதான் பிடிக்கும்.

இல்லை, ரெலிபோன் எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தரம். மகள் சுபோதினிதான் எடுத்தாள். "மாமா, நீங்களே? அப்பாவுக்கு..." என்று தொடங்கினாள். அவள் சாட்டுச் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். "நீ ஒண்டும் சொல்லாதை பிள்ளை, கொப்பரிட்டைப் போனைக் குடு. அவருக்கு வாய் இருக்குத்தானே" என்றேன். கொடுத்தாள். நான் ஹலோ என்கிறேன். பதில் இல்லை. ஹலோ, ஹலோ, கொண்டக்டர் என்கிறேன். மூச்சு மட்டும் கேட்குது. ஆள் நிற்கிறான், போனைக் காதில் வைத்திருக்கிறான், ஒரு வார்த்தை தரமாட்டானாம். அவ்வளவு ரோசம்! போனும் பழுது போல, டொக், டொக் என்று ஏதோ ஒரு சத்தம். நான் வைத்துவிட்டேன். மற்றத் தரங்களும் அப்படித்தான். மூச்சும் அந்த டொக் டொக்கும். நாலாவது தரம் எனக்கு அலுத்துப்போச்சு.

போன கிழமை மெற்றில்டா என் அறைக்கு வந்து கதவில் நின்றாள். "மாமா, சுபோ அக்கா எடுத்தவ, கந்தவனம் மாமான்ரை விசயம்..." என்றாள். நான் கையைக் காட்டினேன். அவனுக்குச் சொல்ல இருந்தால் அவன் சொல்லட்டும். அவனுடைய மகள் என் மருமகளுக்குச் சொல்லி, மருமகள் எனக்குச் சொல்லி, இதென்ன சம்பந்தம் பேசுகிறதோ? அவள் போனாள். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. வேலைக் களைப்பு.

நான் ஒன்று தீர்மானித்து வைத்திருக்கிறேன், தம்பி. இந்த ஐஸ் உருகும்வரை இந்தக் குழியை மூட விடமாட்டேன். அதற்குள் அவன் வந்து, ஏன் சொல்லாமல் போனேன் என்று தன் வாயால் சொன்னால் சரி. ஐஸ் போய்விட்டது என்றால் கதிரையை மடித்து அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அதோடு முடிந்தது. இன்னும் ஒரு கிழமை இருக்கும், மிஞ்சினால்.

என்ன கேட்டீர்கள்? வருத்தமோ, சுகமில்லையோ? அவனுக்கோ? அவனுக்கு என்ன வருத்தம். பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு வளர்ந்த உடம்பு.

ஏன் போனை எடுக்கிறீர்கள்? நீங்கள் ஏன் அவனோடு கதைக்கவேண்டும்? நானோ? நான் ஏன் எடுக்கவேண்டும்? அவன் கதைக்கமாட்டான் என்று சொன்னேனே.

நான் கதைத்தால் போதும் என்கிறீர்கள்.

ம்.

அதுவும் ஒரு கதைதான். அவன் கதைக்காவிட்டால் எனக்கென்ன? நான் பேசவேண்டியதைப் பேசுகிறேன், கேட்டுக்கொண்டு நிற்கட்டும். இந்த முறை முழுக்கப் பேசிவிட்டுத்தான் வைப்பேன். நம்பரோ? பார்க்கத் தேவையில்லை, சொல்கிறேன், அடியுங்கோ. எனக்குக் கையுறை கழற்ற ஏலாது, சத்தமாகக் கேட்கிற மாதிரிப் போட்டு நீங்களே பிடியுங்கோ.

பிள்ளை சுபோதினி, நான் சூசைதாசன் மாமா. ஓம், ஐஸிலதான் நிக்கிறன். கொப்பரிட்டைக் குடு.

கொண்டக்டர்.

நிக்கிறீரோ? மூச்சுக் கேக்குது, நிக்கிறீர். நல்லது. கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன், கேளும். உம்மடை குழியை நான் ஒவ்வொரு நாளும் துப்புரவாக்கி வைக்கிறன், தெரியுமோ? கூலி இல்லாத வேலை. உம்மடை கதிரையில ஒரு இந்தியாத் தம்பி இருக்க வந்தவர், நான் விடேல்லை. நான் இப்ப பஸ்ஸில வாறன். அந்த பஸ்ஸில கொண்டக்டர் இல்லை. எங்க இறங்கிறதெண்டு சொல்ல ஒருதரும் இல்லை. முதல் நாள் இறங்கிற இடம் விட்டு, அடுத்த இடத்தில இறங்கித் திரும்பி நடந்தனான். நீரெண்டால் கத்தியிருப்பீர். இறக்கம் இருக்கு எண்டு கத்தியிருப்பீர். நீர் சொல்லாமல் போனீர். சரி, போம். ஆனால் ஐஸ் போகப்போகுது, அதுக்கு முந்தி... இஞ்சை ஒரு சத்தமும் இல்லை, கொண்டக்டர். மீன்கூட இல்லை. சத்தம் இல்லாமல் இருந்தால் மீன் வருமெண்டு சொன்னனான்தான். வரேல்லை. கதையும் கொண்டக்டர். ஏதாவது கதையும். அந்த ஆட்டுக்குட்டிக் கதையை எண்டாலும் சொல்லும்.

கேளுங்கோ, தம்பி. மூச்சுத்தான். பார்த்தீர்களோ?

உஷ்.

டொக், டொக் என்றது. கேட்டீர்களோ? பழுது என்று சொன்னேனே, அந்தச் சத்தம். டொக், டொக். பிறகு நிற்குது. பிறகும் டொக், டொக். விரலால் தட்டுகிற மாதிரி.

இரண்டு.

தம்பி, அது இரண்டு.

பொறுங்கோ, அந்தக் குடுவையை இங்கே தாருங்கோ. மூடி இறுகிப்போய்க் கிடக்கு. கையுறையைக் கழற்றிவிட்டேன், இப்போது திறக்கும். கொண்டக்டர், நில்லும், ஊத்திறன், உம்மடை கோப்பையிலதான் ஊத்திறன். அதுகும் என்னட்டைத்தான் கிடக்கு. கஞ்சி இல்லை, தேத்தண்ணி. சீனி கூடப் போட்டதுதான். ஊத்தியாச்சு. உம்மடை கதிரைக் கையில வச்சிருக்கிறன். ஆவி பறக்குது.

உஷ், உஷ். இப்போது ஒன்று. ஒரே ஒரு டொக்.

பார்த்தேன் தம்பி. நான் தூண்டிலைப் பார்த்தேன், நீங்கள் கண்டீர்களோ? ஒன்றும் இல்லை. ரொறன்ரோவில் இருந்துகொண்டு என்னை ஏமாற்றிப்போட்டான். அங்கே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான் இப்போது. எனக்குத் தெரியும். அந்த மூச்சு வித்தியாசமாகக் கேட்குதே, அது சிரிப்புத்தான். சிரிப்புத்தானே, தம்பி?

வையாதேங்கோ. போனை நிறுத்தாதேங்கோ. உங்களுக்கும் கை விறைத்திருக்கும், நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அந்தக் கதிரையில் வையுங்கோ. இல்லை, நடுவில், அவன் இருக்கிற இடத்தில். குளிரில் பற்றரி கெதியில் போய்விடும் என்கிறீர்களோ? அப்படியென்றால் இந்தாருங்கோ, என் தொப்பி. கம்பளித் தொப்பி, சூடாக இருக்கும். சுற்றி வையுங்கோ. வாய்ப் பக்கம் மட்டும் மூடாதேங்கோ, தட்டுகிறது கேட்கவேணும்.

கொண்டக்டர், நான் கையில கயிறு கட்டியிருக்கிற மாதிரித்தான் இருக்கிறன். நீர் தட்டும்.

தம்பி, எவ்வளவு சார்ஜ் இருக்கு?